சாய்ந்தும் கட்டம் தவறாத எழுத்து: மூதூர் லோஞ்சுச் சரக்குப் பதிவேட்டின் மறுபதிப்பு

திருகோணமலைப் பட்டினத்தில் மொத்த வியாபாரம் செய்த ஒரு குடும்பத்திடம் பழைய சரக்குப் பதிவேடு ஒன்று எஞ்சியிருந்தது. மூதூருக்கு லோஞ்சில், அதாவது இயந்திரப் படகில், ஏற்றிவிட்ட சரக்கின் கணக்கு அது. ஆங்கில ரைப்ரைட்டரில் அடித்தது. முதற்பிரதி பாதி, காபன் கொப்பி பாதி. அடித்த வரிகளுக்கு மேலும் பக்கத்திலும் பேனையால் திருத்தங்கள்: சில ஆங்கிலத்தில், சில தமிழில், பெரும்பாலானவை வெறும் எண்கள். இதை ஏ5 அளவில் சிறு நூலாக அச்சிட வேண்டும் என்பது பணி. நிபந்தனை ஒன்றுதான்: எது அடித்தது, எது பேனையால் எழுதியது என்பது வாசிப்பவருக்குப் பக்கத்தைப் பார்த்ததுமே தெரிய வேண்டும், ஆனால் கணக்குப் பத்திகள் ஒரு கட்டமும் நகரக் கூடாது.

இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் கருவி ஒன்று உண்டு. ரைப்ரைட்டர் பாணியில், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவின் சாய்வெழுத்துதான் அது. பலர் இதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். இந்தப் பணியில் அது அலங்காரமே அல்ல. அதே கட்டத்துக்குள் நின்றுகொண்டு வேறொரு கை எழுதியதைக் காட்டும் இரண்டாவது குரல் அது. சாதாரணப் புத்தக எழுத்துருவின் சாய்வெழுத்தால் இதைச் செய்ய முடியாது. அங்கே சாய்ந்த எழுத்து நிமிர்ந்த எழுத்தைவிட ஒடுங்கியது. ஒரு சொல்லைச் சாய்த்தால் அந்த வரியில் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் இடப்பக்கம் வந்துவிடும்.

மூலத்தை அளந்தது

முதலில் பழைய தாளின் கட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ரைப்ரைட்டர்களில் பெரும்பாலும் இரண்டு அளவுதான்: அங்குலத்துக்கு 10 எழுத்து விழும் பைக்கா, 12 எழுத்து விழும் எலீற். பைக்காவில் ஒரு கட்டம் 2.54 மில்லிமீற்றர், எலீற்றில் ஏறத்தாழ 2.12. வரிக்கு வரி அங்குலத்தில் ஆறு, அதாவது 4.23 மில்லிமீற்றர். ஒரேயோர் அங்குலத்தை அளந்து முடிவெடுக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சி உலர்ந்த தாள் சுருங்கியிருக்கும். கடற்கரைப் பட்டினத்தில் பல மாரி கண்ட தாள் கட்டாயம் சுருங்கியிருக்கும். ஐந்து அங்குல நீளத்தில் எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள். ஐம்பது வந்தால் பைக்கா. இந்தப் பதிவேடு பைக்கா.

தாள் 8க்கு 13 அங்குல ஃபூல்ஸ்கப். இடப்பக்கம் ஓர் அங்குலம் விட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. மிக நீண்ட வரி 66 கட்டம்: திகதிக்கு 8, சரக்கின் பெயருக்கு 27, தொன் 4, அந்தர் 4, இறாத்தல் 5, ரூபா 8, சதம் 4, இடையில் ஆறு வெற்றுக் கட்டங்கள். இந்தப் பங்கீட்டைத் தாளில் வரைந்து மேசையில் ஒட்டி வைத்த பிறகுதான் தட்டச்சு தொடங்கியது. பின்னால் வந்த பிழைகளில் பாதியைப் பிடித்தது அந்த ஒட்டுத்தாள்தான்.

இனி அச்சு அளவு. குரியர் என்ற ரைப்ரைட்டர் பாணி எழுத்துருக் குடும்பத்தில் ஓர் எழுத்தின் அகலம் எழுத்து அளவில் 0.6 பங்கு. 12 பொயின்ட்டில் 7.2 பொயின்ட், 72 பொயின்ட் கொண்ட அங்குலத்தில் சரியாகப் பத்து எழுத்து. பழைய பைக்காக் கட்டமும் இதுவே. ஏ5 தாளின் அகலம் 148 மில்லிமீற்றர். ஓரங்களுக்கு 28 போக மிஞ்சுவது 120, அதாவது 340 பொயின்ட். அதை 66 கட்டத்துக்குப் பங்கிட்டால் எழுத்து 8.5 பொயின்ட்டில் நிற்கும், ஒரு கட்டம் 5.1 பொயின்ட், வரி 336.6 பொயின்ட். ரைப்ரைட்டரின் விகிதப்படி வரி இடைவெளியும் 8.5 ஆக இருக்க வேண்டும். ஆனால் வரிகளுக்கு இடையே பேனைத் திருத்தம் வர வேண்டியிருந்ததால் 11 வைக்கப்பட்டது. மூலத்தின் ஒரு தாள் நூலில் ஒன்றரைப் பக்கமானது. அது ஏற்கத்தக்க இழப்பு. எழுத்தை 8க்குக் கீழே இறக்கி ஒரே பக்கத்தில் அடக்கியிருந்தால் சாய்ந்த எண்கள் கண்ணுக்குப் பிடிபட்டிரா.

எழுத்துருவைத் தேர்ந்தது

சாய்வெழுத்து என்ற பெயரில் இரண்டு வேறு பொருட்கள் உலவுகின்றன. நிமிர்ந்த எழுத்தை அப்படியே வலப்பக்கம் தள்ளிச் சாய்த்தது ஒன்று. கையெழுத்தின் போக்கில் தனியாக வரைந்தது மற்றது. முன்னதில் எழுத்தின் எலும்புக்கூடு மாறாது. பின்னதில் ஆங்கிலச் சின்ன 'ஏ' மேல்வளைவை இழந்து ஒற்றை வயிறாகும். 'எஃப்' கோட்டுக்குக் கீழே வால் விடும். 'ஐ', 'எல்' இரண்டும் அடியில் பட்டையான பீடத்தை விட்டு ஒரு சுருளுடன் முடியும். ஒரே அகல எழுத்துருவில் இந்தச் சுருளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 'ஐ' போன்ற ஒடுங்கிய எழுத்து 5.1 பொயின்ட் கட்டத்தைத் தனியாக நிரப்ப முடியாது. நிமிர்ந்த எழுத்தில் இருபுறமும் நீண்ட பீடம் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. சாய்வில் தொடக்க இழுப்பும் இறுதிச் சுருளும் நிரப்புகின்றன. 'எம்', 'டபிள்யூ' போன்ற அகலமானவை இதற்கு நேர்மாறு: மூன்று தண்டையும் நெருக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும். மலிவாகச் செய்த எழுத்துருவை இந்த நான்கு எழுத்திலேயே அடையாளம் காணலாம். 'எம்' கறுத்தும் 'ஐ' வெளிறியும் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

நான்கு எழுத்துருக்கள் ஒப்பிடப்பட்டன.

குரியரை ஐபிஎம் நிறுவனத்துக்காக ஹவார்ட் கெட்லர் 1950களின் நடுவில் வரைந்தார். அதன் கணினி வடிவங்களில் விண்டோஸோடு வரும் குரியர் நியூவே எல்லோர் கணினியிலும் இருப்பது. அதன் சாய்வு பெரும்பாலும் தள்ளிச் சாய்த்த வகை. கோணம் 12 பாகை. அதைவிடப் பெரிய குறை மெலிவு. ரைப்ரைட்டரில் உலோக எழுத்து நாடாவின் மேல் அடிக்கும்போது மை பரவித் தண்டு தடிக்கும். அந்தத் தடிப்பை நம்பி உலோக எழுத்தை மெல்லியதாகவே வெட்டுவார்கள். குரியர் நியூ அந்த மெல்லிய வடிவத்திலிருந்தே எடுக்கப்பட்டது. மை பரவும் பங்கு அதில் சேரவில்லை. திரையில் சமாளிக்கலாம், 8.5 பொயின்ட்டில் அச்சில் முடியாது.

ஐபிஎம் பிளெக்ஸ் மோனோ 2017இல் வந்தது. அதன் சாய்வு கையெழுத்து வகை. 1961இல் அறிமுகமான செலெக்ட்ரிக் ரைப்ரைட்டருக்கென்று இருந்த சாய்வெழுத்துப் பந்தை முன்மாதிரியாகக் கொண்டது. செலெக்ட்ரிக்கில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு கம்பி கிடையாது. எல்லா எழுத்தும் ஒரு சிறு பந்தில் இருக்கும், பந்தைக் கழற்றி வேறு பந்தை மாட்டலாம். ரைப்ரைட்டரில் அடித்த தாளில் சாய்வெழுத்து புழக்கத்துக்கு வந்தது இந்த வழியால்தான். பிளெக்ஸ் அழகானது, தெளிவானது. ஆனால் அதன் நிமிர்ந்த வடிவம் இன்றைய கணினி எழுத்தாகத் தெரிகிறது. பழைய பதிவேட்டின் பக்கத்தில் அது பொருந்தவில்லை.

டொனல்ட் நூத் வடிவமைத்த கம்பியூட்டர் மொடேர்ன் குடும்பத்திலும் ரைப்ரைட்டர் சாய்வு ஒன்று உண்டு, தள்ளிச் சாய்த்ததும் கையெழுத்து வகையும் தனித்தனியாக. ஒரே குடும்பத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அதில் எழுத்தின் அகலம் 0.525 பங்குதான், ஆகவே இதே கட்டத்துக்கு 9.7 பொயின்ட் வரை ஏற்றலாம். நூத்தின் அச்சுக்கோப்பு மென்பொருளான டெக்கைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை: அதன் பழைய குறியேற்றத்தில் கையெழுத்து வகைச் சாய்வில் $ அடித்தால் £ விழும். கணக்கு ஆவணத்தில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. டீ1 குறியேற்றத்துக்கு மாற்றினால் தீரும்.

தேர்வானது குரியர் பிரைம். 2013இல் ஆலன் டேக்-கிரீன் வரைந்தது. திரைக்கதை எழுதுவோருக்காக உருவானது. தண்டு தடித்தது, கட்டம் குரியரின் அதே 0.6 பங்கு, சாய்வு உண்மையான கையெழுத்து வகை. திரைக்கதைக்காரர்கள் சாய்வெழுத்தைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படக் காரணம் உண்டு. பொதுவான ரைப்ரைட்டரில் சாய்வு கிடையாது. அழுத்தம் வேண்டிய சொல்லின் கீழ்க் கோடிடுவார்கள். அச்சகத்தில் அந்தக் கோட்டைக் கண்டால் கோப்பவர் சாய்வெழுத்தில் கோப்பார். கணினி வந்த பிறகுதான் அடிப்பவரே நேரே சாய்க்க முடிந்தது.

கோடா, சாய்வா

இந்தப் பழைய வழக்கமே பணியின் முதல் சிக்கலைக் கொண்டுவந்தது. பதிவேட்டில் லோஞ்சின் பெயர் வரும் இடமெல்லாம் ரைப்ரைட்டரிலேயே கோடிடப்பட்டிருந்தது. ஆங்கில மரபில் கலங்களின் பெயரைச் சாய்வெழுத்தில் போடுவார்கள். ரைப்ரைட்டரில் அதற்கு ஈடு கோடு. அச்சு மரபைப் பின்பற்றினால் அவற்றைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் பேனைத் திருத்தத்தோடு கலந்துவிடும்.

முடிவு கண்டிப்பாக எடுக்கப்பட்டது: கோடு கோடாகவே இருக்கட்டும். சாய்வு பேனைக்கு மட்டும். ஒரு நூலில் சாய்வெழுத்துக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். இரண்டு பொருள் கொடுத்த நாளில் அது பயனற்றுப் போகும். கணினிக் கையேடுகளில் கட்டளையை நிமிர்த்தியும் வாசகர் தாமாக இட வேண்டிய கோப்புப் பெயரைச் சாய்த்தும் போடுவதும், நிரல் எழுதும் திரையில் குறிப்புரையை மட்டும் சாய்ப்பதும் இதே நெறியில்தான் நடக்கின்றன. அங்கே அழுத்தத்துக்காக வேறொரு சொல்லையும் சாய்த்தால், மாணவர் அந்தச் சொல்லையும் மாற்ற வேண்டிய ஒன்றாக எடுத்துக்கொள்வார்.

16 இருக்கும் வரி

ஒரு வரியை நெருங்கிப் பார்க்கலாம். அடித்தபடி 3 தொன் 14 அந்தர் 56 இறாத்தல். 14ஐப் பேனையால் குறுக்கே கோடிட்டு மேலே 16 என்று எழுதியிருக்கிறது. நூலில் 14 நிமிர்ந்து, நடுவே கோடுடன் அதே இடத்தில் நிற்கிறது. அதற்கு அரை வரி மேலே, அதே இரண்டு கட்டத்தின் தலையில், சாய்ந்த 16. ஒன்றுக்கு மேலே ஒன்று, நான்குக்கு மேலே ஆறு. பத்தி இம்மியும் அசையவில்லை. ஒரே அகலச் சாய்வெழுத்து இல்லாமல் இந்த வரியை அமைத்தால் திருத்தத்தை அடைப்புக்குறியில் போட்டுப் பத்தியை உடைக்க வேண்டும், அல்லது அடிக்குறிப்புக்கு விரட்ட வேண்டும்.

இரண்டு எண்ணையும் இருந்த இடத்திலேயே வைத்ததன் பயன் உடனே கிடைத்தது. பக்கத்தின் அடியில் அடித்திருந்த கூட்டுத்தொகை 14ஐச் சேர்த்தால்தான் சரிவந்தது. அப்படியானால் திருத்தம் கூட்டிய பிறகு நடந்தது. வேறு பக்கங்களில் கூட்டுத்தொகை திருத்திய எண்ணோடு ஒத்துப்போனது. 20 அந்தர் ஒரு தொன், 112 இறாத்தல் ஓர் அந்தர், 100 சதம் ஒரு ரூபா. ஆகவே அந்தர்ப் பத்தியில் 19க்கு மேலோ இறாத்தல் பத்தியில் 111க்கு மேலோ ஓர் எண் வந்தால் வாசிப்பில் பிழை. காபன் கொப்பியில் மை பரவி 3க்கும் 8க்கும், 5க்கும் 6க்கும் வேறுபாடு அழிந்த இடங்களில் இந்தக் கணக்கே தீர்ப்புச் சொன்னது.

ஆனால் எண்களில் சாய்வெழுத்துக்கு ஒரு பலவீனம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எழுத்துகளில் 'ஏ', 'எஃப்' உருவமே மாறுவதால் கண் உடனே பிடிக்கும். எண்கள் கையெழுத்து வகையிலும் வெறுமனே சாய்கின்றன, உருவம் மாறுவதில்லை. 4, 7 பரவாயில்லை. 0, 8 இரண்டையும் 8.5 பொயின்ட்டில் கை நீட்டி வைத்துப் பார்த்தால் நிமிர்ந்ததா சாய்ந்ததா என்று சொல்ல முடியாது. சாய்ந்த 1 பின்னக் கோட்டைப் போலத் தெரியும். முதல் புறூஃபில் வரிக்கு மேல் அல்லாமல் வெற்றிடத்தில் தனியாக எழுதப்பட்ட பேனை எண்கள், அடித்த எண்களோடு கலந்துபோயின.

இதற்குக் கோணத்தைக் கூட்டுவது தீர்வல்ல. 12 பாகையிலேயே ஒரு பெரிய எழுத்தின் தலை அதன் அடியைவிட ஏறத்தாழ ஒரு பொயின்ட் வலப்பக்கம் போகிறது, கட்டமே 5.1 பொயின்ட். இன்னும் சாய்த்தால் அடுத்த கட்டத்தின் நிமிர்ந்த எழுத்தை இடிக்கும், பத்திக் கோடு இருந்தால் அதைத் தொடும். பேனை பட்ட ஒவ்வொரு வரிக்கும் வெளி ஓரத்தில் ஒரு சிறு முக்கோணம் வைக்கப்பட்டது. முக்கோணம் கண்ணை நிறுத்தும். நின்ற கண் சாய்வைக் காணும். சாய்வை மட்டும் நம்பி எண்ணை அச்சிடுவது தவறு என்பதே இந்தப் பணி கற்பித்த மிக முக்கியமான பாடம்.

தமிழ்க் குறிப்புகள்

'ஈரம்', 'மூடை கிழிவு', 'பாக்கி' என்று பேனையில் தமிழில் எழுதியவற்றை என்ன செய்வது? முதல் முயற்சியில் அவையும் சாய்க்கப்பட்டன. விளைவு மோசம்.

தமிழ் அச்சில் சாய்வெழுத்து மரபு இல்லை. அழுத்தம் வேண்டினால் தடித்த எழுத்து, அல்லது பெரிய எழுத்து. மென்பொருளில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் கிடைப்பது நிமிர்ந்த வடிவத்தைத் தள்ளிவிட்டது. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற சிலவற்றில் சாய்ந்த வடிவம் தனிக் கோப்பாகவே உண்டு. அதுவும் சாய்த்ததுதான், கையெழுத்துப் போக்கில் வரைந்ததல்ல. தள்ளிவிடும்போது உயரத்தில் இருப்பது அதிகம் நகரும். தமிழில் உயரத்தில் இருப்பது புள்ளியும் இகர, ஈகார மேல்விலங்கும். 'ம்' எழுத்தின் புள்ளி தன் எழுத்தின் நடுவை விட்டு அடுத்த எழுத்தின் தலைக்குப் போய்விடும். 'கிழிவு' என்ற சொல்லில் இரண்டு மேல்விலங்கும் வலப்பக்கம் சரிந்து 'ழி', 'வு' இரண்டையும் ஒட்டின. 8.5 பொயின்ட்டில் அதை வாசிக்கவே முடியவில்லை.

ஒரே அகலத்தில் அடக்குவதும் நடக்காது. 'ர' ஒடுங்கியது, 'ண' அகலமானது, 'கொ' மூன்று துண்டாகத் தெரிகிற ஓரெழுத்து, புள்ளிக்கோ அகலமே இல்லை. தமிழ் ரைப்ரைட்டரில் இதைச் சமாளித்த விதம் வியக்கத்தக்கது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது, சில விசைகளை நகராத விசைகளாக வைத்தார். புள்ளியை முதலில் அடித்தால் உருளை நகராது. பிறகு மெய்யெழுத்தை அடிக்க, அது புள்ளியின் கீழே வந்து விழும், உருளை ஒரு கட்டம் நகரும். அது பொறிக்கு ஏற்ற தீர்வு. கணினியில் ஆங்கில எழுத்துருவின் கட்டத்துக்குள் தமிழை நெருக்க அது உதவாது.

ஆகவே தமிழ்க் குறிப்பு சாய்க்கப்படவில்லை. நிமிர்ந்த மெல்லிய தமிழ் எழுத்தில், 8 பொயின்ட்டில், சதுர அடைப்புக்குள் வைக்கப்பட்டது. அதன் அகலம் கட்டத்தின் மடங்காக முழுமையாக்கப்பட்டது: குறிப்பு 27 பொயின்ட் வந்தால் 6 கட்டம், அதாவது 30.6 பொயின்ட் கொண்ட சட்டத்துக்குள் அது உட்காரும். அதற்குப் பின் வரும் எண் தன் பழைய கட்டத்திலேயே தொடங்கும். பேனையின் அடையாளம் ஓர முக்கோணத்தால் காக்கப்பட்டது. ஆங்கிலத்துக்குச் சாய்வு, தமிழுக்கு அடைப்பு என்று இரு முறை வைப்பது சீரற்றது என்ற மறுப்பு வரலாம். வந்தால் வரட்டும். வாசிக்க முடியாத சீரைவிட வாசிக்கக்கூடிய வேறுபாடு மேல்.

பிழைகள், அவற்றின் காரணங்கள்

பொய்ச் சாய்வு. ஒரு கணினியில் எழுத்துரு சரியாகத் தெரிந்தது. மற்றொன்றில் சின்ன 'ஏ' மேல்வளைவோடு சாய்ந்து நின்றது. குரியர் பிரைம் நான்கு கோப்புகளாக வரும்: நிமிர்ந்தது, தடித்தது, சாய்ந்தது, தடித்துச் சாய்ந்தது. இரண்டாவது கணினியில் நிமிர்ந்த கோப்பு மட்டும் நிறுவப்பட்டிருந்தது. சாய்வுக் கோப்பு இல்லையென்றால் மென்பொருள் புகார் சொல்லாது. இருப்பதைத் தள்ளிச் சாய்த்துக் காட்டிவிடும். அகலம் ஒன்றே என்பதால் பத்திகளும் அசையா. சந்தேகம் வந்தால் 400 சதவீதத்துக்குப் பெருக்கி 'ஏ', 'எஃப்' இரண்டையும் பாருங்கள்.

பீடிஎஃப்பிலும் இதே வகைப் பிழை வந்தது. பீடிஎஃப் தரத்தில் 14 அடிப்படை எழுத்துருக்கள் உண்டு. குரியரின் நான்கு வடிவமும் அதில் அடக்கம். கோப்பில் எழுத்துருவைப் பொதியாமல் அனுப்பினால், திறக்கும் கணினி தன்னிடமுள்ள குரியர் வகையைப் போட்டுக்கொள்ளும். அதன் சாய்வு தள்ளிச் சாய்த்த வகை. கட்டம் அதே 0.6 என்பதால் எதுவும் நகராது, யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆவண விவரத்தில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றும் பொதியப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

டாப் விசை. இது மிக மெல்லிய பிழை. வேர்ட்டில் இயல்பான டாப் அரை அங்குலம், 36 பொயின்ட். ஏழு கட்டம் 35.7 பொயின்ட். வேறுபாடு 0.3 மட்டும் என்பதால் முதல் டாப்பில் எதுவும் தெரியாது. ஐந்தாவதில் 1.5 பொயின்ட் ஆகிவிடும், ஏறத்தாழ கட்டத்தில் மூன்றிலொரு பங்கு. திரையில் சரியாகத் தெரிந்த பத்தி அச்சில் மேலும் கீழும் பல்லிளித்தது இதனால்தான். எல்லா டாப்பும் நீக்கப்பட்டு, இடைவெளி விசையாலேயே கட்டங்கள் நிரப்பப்பட்டன. வழக்கமாக இதைச் செய்யாதே என்றுதான் சொல்லிக்கொடுப்போம். ஒரே அகல எழுத்தில் மட்டும் இதுவே சரியான வழி. வரிகளை இருபுறமும் சீராக்கும் தெரிவையும் அணைக்க வேண்டும். பத்திப் பிரிப்பு இல்லாமல் வரியை மட்டும் முறித்த இடங்களில் அது இடைவெளிகளை இழுத்து நீட்டிவிடும்.

தானாகத் திருத்துதல். இரண்டு சிறுகோடு அடித்தால் மென்பொருள் அதை ஒரு நீண்ட கோடாக்கும்: இரண்டு கட்டம் ஒன்றாகும். மூன்று புள்ளி ஒரே குறியாகும்: இரண்டு கட்டம் போகும். இந்தப் பதிவேட்டில் அரை என்ற பின்னம் நிறைய. பிரித்தானிய வகை ரைப்ரைட்டரில் ½ தனி விசையாகவே இருந்தது. அது ஒரு கட்டம். புதிதாகத் தட்டச்சு செய்தவர் சில இடங்களில் 1/2 என்று மூன்று கட்டத்தில் அடித்தார். சில இடங்களில் மென்பொருள் தானே ½ ஆக்கியது, சில இடங்களில் ஆக்கவில்லை. எங்கெங்கே இரண்டு கட்டம் நகர்ந்ததென்று தேடவே ஒரு நாள் போனது. தட்டச்சைத் தொடங்கும் முன்பே தானியங்கித் திருத்தம் முழுவதையும் அணைத்துவிடுங்கள். பழைய ரைப்ரைட்டர் பலவற்றில் 1 விசை கிடையாது. சின்ன 'எல்' எழுத்தையே ஒன்றாக அடிப்பார்கள். நூலில் அவை எண் 1 ஆக மாற்றப்பட்டன, முன்னுரையில் அதைச் சொல்லியும் ஆயிற்று. மாற்றாவிட்டால் கணக்கைத் தேடவும் கூட்டவும் முடியாது.

பாமினி. தமிழ்க் குறிப்புகளை முதலில் அடித்தவர் பாமினியில் அடித்திருந்தார். பாமினி ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவத்தை அமர்த்திய பழைய முறை. ஒரு வரி முழுவதையும் தெரிவுசெய்து குரியர் பிரைம் சாய்வைப் போட்டதும், தமிழெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறியது. மெய்யெழுத்துப் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி. நல்ல வேளையாக அரைப்புள்ளிகள் காட்டிக்கொடுத்தன. ஒரே ஒரு குறிப்பு, புள்ளியே இல்லாத 'மூடை'யைப் போன்ற சிறு சொல்லாக இருந்து தப்பியிருந்தால், அதை ஆங்கிலச் சுருக்கம் என்று எண்ணி அச்சிட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் யுனிகோட்டுக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே வேலை தொடர்ந்தது. சாய்வுக்குப் பொத்தானை அழுத்துவதும் நிறுத்தப்பட்டது. 'அடித்தது', 'பேனை ஆங்கிலம்', 'பேனை தமிழ்' என்று மூன்று எழுத்துப் பாணிகள் வரையறுக்கப்பட்டு அவை மட்டுமே பயன்பட்டன. பிறகு ஓர் எழுத்துருவை மாற்ற வேண்டுமென்றால் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

அச்சில் வந்த உடைவு. சோதனைப் பிரதி றிசோ என்ற நகல் அச்சுப் பொறியில் எடுக்கப்பட்டது. சாய்ந்த தண்டுகள் மட்டும் இடையிடையே அறுந்திருந்தன. நிமிர்ந்தவை முழுமையாக இருந்தன. பீடிஎஃப்பை யாரோ அங்குலத்துக்கு 300 புள்ளியில் படமாக்கி அனுப்பியிருந்தார்கள். 8.5 பொயின்ட்டில் மெல்லிய தண்டின் தடிப்பு 0.4 பொயின்ட் அளவில்தான் இருக்கும்; 300இல் அது இரண்டு புள்ளிக்கும் குறைவு. நிமிர்ந்த தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே புள்ளி வரிசையில் விழும். சாய்ந்த தண்டு படிப்படியாக இறங்கும்போது ஓரிடத்தில் இரண்டு புள்ளி, ஓரிடத்தில் ஒன்று என்று மாறும். ஒன்று விழுந்த இடத்தைப் பூச்சில்லாத தாள் விழுங்கிவிடும். படமாக்காமல் எழுத்தாகவே அனுப்பி, 600இல் எடுத்ததும் உடைவு தீர்ந்தது.

மாரி காலத்தில் தாளையும் பார்க்க வேண்டும். பிரித்த கட்டு இரவு திறந்து கிடந்தால் ஓரம் ஈரம் குடித்து அலையும். பொறி தாளைச் சற்றே கோணலாக இழுக்கும். சாதாரணப் பக்கத்தில் அரைப் பாகைக் கோணலை யாரும் காண மாட்டார்கள். கட்டமிட்ட எண் பத்தியில் அது உடனே தெரியும். நிமிர்ந்த எண்ணே சாய்ந்ததோ என்ற ஐயத்தையும் கிளப்பும். தேவையான தாளை மட்டும் பிரித்து, மிச்சத்தைப் பொலித்தீனில் சுற்றி வைத்தது போதுமானதாயிற்று.

சரிபார்த்த விதம்

66 கட்டமும் 11 பொயின்ட் வரியும் கொண்ட சட்டகம் ஒன்று தெளிந்த பிளாஸ்டிக் தாளில் அச்சிடப்பட்டது. ஒவ்வொரு புறூஃப் பக்கத்தின் மேலும் அதை வைத்து, எழுத்து கட்டத்தின் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கப்பட்டது. சாய்ந்த எழுத்தின் தலை கோட்டைச் சற்றுத் தாண்டலாம்; அடி தாண்டக் கூடாது. அடி தாண்டியிருந்தால் அந்த வரியில் எங்கோ ஒரு கட்டம் கூடியோ குறைந்தோ இருக்கிறது. இதே போன்ற இன்னொரு சட்டகம், 2.54 மில்லிமீற்றர் கட்டத்தில், மூலத் தாளின் மேல் வைப்பதற்கு. ஒருவர் மூலத்தில் வரியெண்ணும் கட்ட எண்ணும் சொல்ல, மற்றவர் புறூஃபில் அதே கட்டத்தில் இருக்கும் எழுத்தை வாசித்தார். சொல்லாக வாசித்தால் கண் பிழையைத் தாவிவிடும். கட்டமாக வாசித்தால் தாவாது. பேனைத் திருத்தங்களுக்குத் தனிச் சுற்று: முக்கோணம் இருக்கும் வரிகளை மட்டும் எடுத்து, மூலத்தில் பேனை மை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக. மூலத்திலிருந்து புறூஃபுக்கும் புறூஃபிலிருந்து மூலத்துக்கும் இரு திசையிலும் இது செய்யப்பட்டது. காபன் கொப்பிகளில் ஓர் அழுத்தமான அடிப்பைப் பேனை என்று தவறாகச் சாய்த்திருந்த இடங்கள் இந்தச் சுற்றில்தான் அகப்பட்டன.

குடும்பத்திடம் நூலோடு ஓர் உறையும் கொடுக்கப்பட்டது: தட்டச்சுக் கோப்பு, எழுத்துரு பொதிந்த பீடிஎஃப், குரியர் பிரைமின் நான்கு கோப்புகள், அதன் திறந்த உரிமப் பத்திரம், கட்டப் பங்கீட்டுத் தாள். குரியர் பிரைம் திறந்த உரிமத்தில் இருப்பதால்தான் எழுத்துருவையே சேர்த்துக் கொடுக்க முடிந்தது. உறையின் மேல் மூன்று வரி எழுதப்பட்டது: நான்கு கோப்பையும் நிறுவிய பிறகே திறக்கவும், எழுத்து 8.5, வரி 11, சாய்ந்ததெல்லாம் பேனை.